சூளைக்குள் பூக்கும் கண்ணாடி

ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெயின் கண்ணாடி ஆலை 2000-இல் இயங்கத் தொடங்கியபின், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சரக்குகளில் பட்டோடு ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்துகொண்டது. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுத் தகடாக்குவதே அங்குள்ள முறை. பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அதை உலகுக்கு அறிவித்தது. தேய்க்காமலே இருபுறமும் வழவழப்பு.

சூளையில் கண்ணாடியை ஒட்டவைக்கும் கைவினைஞருக்கு இந்தக் கண்ணாடி மலிவான மூலப்பொருள். சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் மிஞ்சும் துண்டுகளே போதும். இரண்டை அடுக்கி 800 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒன்றாகிவிடும். கூர்முனைகளும் தாமாகவே உருண்டுவிடும். இவ்வளவும் நன்மை.

மெருகுதான் சிக்கல். இந்தக் கண்ணாடி, சூளையில் மறுபடியும் சுடுவதற்கென்று சேர்மானம் செய்யப்பட்டதல்ல. உச்ச வெப்பத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும் நெடுநேரம் கிடந்தால் மேற்பரப்பில் நுண்படிகங்கள் முளைத்து, கண் பூத்ததுபோல் மங்கிவிடும். பளபளப்பு வரவில்லையே என்று பலர் அப்படியே மறுபடியும் சூடேற்றுகிறார்கள். என் பார்வையில் மிகப் பெரிய தவறு இதுதான். படிகத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்ததாகத்தான் ஆகும். வெங்காரக் கரைசலை மெலிதாகப் பூசிச் சுட்டால் பளபளப்பு ஓரளவு மீளும். பத்தர் பட்டறையில் பற்றவைக்க உதவும் அதே வெங்காரம்.

படிகம் பெரும்பாலும் தூசியிலும் விரல்ரேகையிலும்தான் வேர்பிடிக்கிறது. கச்சாப் பட்டும் பசையைக் கழுவிய பிறகுதான் மின்னும். இங்கேயும் பாதி வேலை, சூளையை மூடுமுன் கழுவித் துடைப்பதில் முடிந்துவிடுகிறது.

வெள்ளீயத்தில் கிடந்த பக்கம் தனிக் கதை. அந்தப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளீயம் ஊறியிருக்கும். கிண்ணமாக வளைக்கும்போது அது உட்புறமாகி இறுகினால், நுண்சுருக்கம் விழுந்து புகைபடிந்தாற்போலத் தெரியும். குறுகிய அலை புறஊதா விளக்கில் அந்தப் பக்கம் பால்போல ஒளிரும். விளக்கு வாங்கச் சோம்பல்படுபவர்கள் கிண்ணத்தைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

அடிப்பக்கம் எப்படியும் சொரசொரப்புத்தான். கண்ணாடி ஒட்டாமலிருக்கத் தட்டில் பூசும் அலுமினா, கயோலின் கலவையின் தடம் அப்படியே பதியும். சீரியம் ஆக்சைடு வைத்து மெருகேற்றலாம். ஆனால் அதற்குமுன் கார்பொரண்டம் தூளால் படிப்படியாகத் தேய்க்கவேண்டும், கை ஓய்ந்துவிடும். அடிதானே, யார் புரட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். காஞ்சிபுரத்தில் சேலை வாங்க வருகிறவர் முதலில் புரட்டிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான்.