ஊக்கத்தொகை எதுவரை?

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், போடிப் பக்கம் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் அவை. அம்மா வேலைக்குப் போன பிறகு தாமாக எழுந்து, தம்பி தங்கையையும் கிளப்பிக்கொண்டு பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இந்த ஊர்களில் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்த மகளும் அந்த ஜீப்பில் ஏறினால் வீட்டுக்கு இன்னொரு கூலி வரும். கம்பம் பள்ளத்தாக்கில் மாணவரின் ஊக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர் இந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பேச முடியாது.

பாடத்தின் மேலுள்ள ஆசையால் படிப்பதை அக ஊக்கம் என்றும், பணம், பரிசு, மார்க், அடி, திட்டு ஆகியவற்றுக்காகப் படிப்பதைப் புற ஊக்கம் என்றும் கல்வி உளவியல் பிரிக்கிறது. முன்னது உயர்வு, பின்னது தாழ்வு என்று நாம் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் தொகைகளையும் இதே தராசில் வைத்து, "காசு கொடுத்தால்தான் படிப்பார்களா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொகைகளும் பிற புற ஊக்கங்களும் எல்லாம் ஒரே வகை அல்ல என்பதே என் வாதம்.

முதல் வகை, இடறிவிடும் கல்லை அகற்றுவது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இடையில் நின்றுவிடாமல் இருக்க, பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் தலா 1,500 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 2,000 ரூபாய் என மொத்தம் 5,000 ரூபாய் தரும் திட்டம் 2011இல் வந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதே மாதம் வந்தது. இவற்றில் போட்டி இல்லை, தோற்பவரும் இல்லை. ஜீப்பில் ஏறாமல் வகுப்பில் உட்கார்வதால் இழக்கும் கூலியில் ஒரு பங்கை இவை ஈடுகட்டுகின்றன. பசித்த வயிற்றோடு இருக்கும் பிள்ளையிடம் பாடத்தின் மேல் ஆசை வளரவில்லையே என்று குறைப்படுவது அநீதி. இவற்றை லஞ்சம் என்று ஏளனம் செய்வதை நான் ஏற்கவில்லை.

இரண்டாவது வகை, போட்டிப் பரிசு. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு நடக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாகி, பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய் பெறுகிறார்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசியத் திறன் உதவித்தொகைத் தேர்வில் வென்றால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஏழைப் பிள்ளைக்குத் தன் திறமை மேல் முதல் நம்பிக்கையை இந்தத் தேர்வுகள் தருகின்றன. இது பெரிய பலம். குறையும் இங்கேதான் இருக்கிறது. ஜெயிக்கக்கூடிய நாலைந்து பேரைப் பொறுக்கியெடுத்து அவர்களுக்கு மட்டும் தனி வகுப்பு நடக்கும்போது, மீதிப் பிள்ளைகள் தங்களைப் பற்றிக் கற்றுக்கொள்ளும் பாடம் கசப்பானது.

மூன்றாவது வகைதான் கேடானது: ரேங்க், சென்டம், தேர்ச்சி விழுக்காடு. மாநில அளவில் ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகளும் உருப்போட வைத்த பள்ளிகளைத் தடுக்க, அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வைக் கைவிட்டது. மார்க்கே குறி என்றானபின் ஒரு வருடப் பாடமே காணாமல் போனது என்பதற்கு, அப்படி ஒரு தேர்வு தேவைப்பட்டதைவிடச் சாட்சி வேண்டாம். ரிசல்ட் வந்ததும் பிள்ளைகளின் முகங்களோடு கட்டப்படும் ஃபிளக்ஸ்கள் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

பரிசைக் காட்டிச் செய்ய வைப்பதன் பாதிப்பை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. 1973இல் மார்க் லெப்பரும் அவருடைய கூட்டாளிகளும் படம் வரைவதில் ஆசையுள்ள சிறு பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டுப் பரிசு பெற்ற பிள்ளைகள், பிறகு தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. அமெரிக்க நகரங்களில் மாணவருக்குப் பணம் கொடுத்துப் பார்த்த ரோலண்ட் ஃபிரையரின் ஆய்வு 2011இல் வெளிவந்தது. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குக் கொடுத்த பணம் பலன் தரவில்லை. டாலஸில் ஒரு புத்தகம் படித்தால் 2 டாலர் என்று கொடுத்தது பிள்ளைகளின் வாசிப்புத் திறனை உயர்த்தியது. மார்க்கை எப்படிக் கூட்டுவது என்று பிள்ளைக்குத் தெரியாது. புத்தகத்தைத் திறப்பது அதன் கையில் இருக்கிறது.

ஆனால் வெளியிலிருந்து வந்த ஊக்கம் உள்ளே இறங்கிச் சொந்தமாகவும் கூடும். அதற்கும் இந்த மண்ணில் சான்று உண்டு. ரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நிழலில், ஒரு சமூகத்தைக் கட்டுக்குள் வைக்கும் நோக்கத்தோடு வெள்ளையர் அரசு தொடங்கியவை கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை இன்றும் நடக்கின்றன. வேறு துறையோடு அவற்றை இணைக்கலாம் என்று பேச்செழுந்தபோது, எங்கள் பள்ளி என்று எதிர்த்து நின்றவர்கள் அதே சமூகத்து மக்கள். கட்டாயத்தில் தொடங்கியது உரிமையாக மாறியிருக்கிறது. தலைமுறைகள் அங்கே படித்து எழுந்ததால் வந்த மாற்றம் இது.

வெளி உதவியும் உள் ஊக்கமும் சேர வேண்டும் என்பதற்கும் இங்கே சான்று உண்டு. 2020 நீட் தேர்வில் 664 மதிப்பெண் எடுத்து, நாட்டின் அரசுப் பள்ளி மாணவர்களில் முதலிடம் என்று பேசப்பட்டவர் தேனி மாவட்டம் சில்வார்பட்டி அரசுப் பள்ளியில் படித்தவர். அவர் தேர்வு எழுதிய நாளில், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமாகியிருக்கவில்லை. பயிற்சிக்குப் பிறர் கைகொடுத்தார்கள். முதல் முறை எட்டாததை, மறுபடி உட்கார்ந்து எட்டியது அவருடைய பிடிவாதம். இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது பயன்பட்டிருக்காது.

ஆகவே என் முடிவு இதுதான். பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவரும் தொகைகள் தொடரட்டும், கூடட்டும். திறனறித் தேர்வுப் பயிற்சி வகுப்பு முழுவதற்கும் கிடைக்கட்டும். மார்க்குக்காகத் தரும் பரிசும் ஃபிளக்ஸும் ஒழியட்டும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பூட்டிக் கிடக்கும் நூலக அலமாரியைத் திறந்து, வாரம் ஒரு பாடவேளை பிள்ளைகள் தாமே எடுத்துப் படிக்க விடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: தோட்டத்திலிருந்து களைத்து வீடு திரும்பும்போது, "எத்தனை மார்க்?" என்பதற்கு முன்னால், "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேளுங்கள்.