நோட்டீஸ் மட்டும் காப்பாற்றாது

அமெரிக்காவில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களுக்காக உருவான 'அமிகாஸ்' திட்டத்தில், அதே சமூகத்துப் பெண்களே பயிற்சி பெற்று, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, முழுத் திட்டமும் கிடைத்தவர்களில் 52% பேர் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னார்கள். கிடைக்காதவர்களில் 25% பேர். இது பெரிய வெற்றிதான். ஆனால் அந்த ஆய்வு பரிசோதனைக்கு வந்தவர்களை எண்ணியது. சாவு குறைந்ததா என்று பார்க்கவில்லை.

அதைப் பார்த்த ஆய்வு நம் மும்பையில் நடந்தது. 1998இல் டாடா நினைவு மருத்துவமனை குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையான ஒன்றரை லட்சம் பெண்களைச் சேர்த்தது. ஒரு பிரிவுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்று விளக்கமும் பரிசோதனையும். இன்னொரு பிரிவுக்கு ஒரே ஒருமுறை விளக்கம் மட்டும். பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து, பஞ்சில் நனைத்து, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். வெண்திட்டு தெரிந்தால் மேல்பரிசோதனை. 12 ஆண்டுகளில் பரிசோதனைப் பிரிவில் இந்தப் புற்றுநோய்ச் சாவு 31% குறைந்திருந்தது.

இந்த எண்ணை மேடையில் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். சாவு கூடுதலாக இருந்த பிரிவுக்கும் விளக்கம் கிடைத்திருந்தது. பரிசோதனை கைக்கு எட்டாதவளுக்கு நோயைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வருவது அறமா என்ற கேள்வி இந்த ஆய்வைத் துரத்தியது. அன்று இந்தியாவில் ஏழைப் பெண்ணுக்கு வழக்கமான பரிசோதனையே இல்லை என்ற பதில் உண்மைதான். எனக்கு அது போதவில்லை.

இன்னொன்றும் உண்டு. மும்பையில் சாவு குறைந்தது, நோய் வருவது குறையவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில் இரண்டுமே குறைந்தன: நோய் 25%, சாவு 35%. இத்தனைக்கும் அங்கே அழைத்தவர்களில் சுமார் 64% பேர்தான் வந்தார்கள், மும்பையில் 89%. திண்டுக்கல்லில் நர்ஸே பார்த்து, முடிந்தவர்களுக்கு அதே வருகையில் திட்டை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையும் கொடுத்தார். மும்பையில் பெண்ணை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் போய்ச் சேரவில்லை. வயது வரம்பும் ஊரும் வேறு என்பதால் வித்தியாசம் முழுவதையும் இதன் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் அந்த இரண்டாவது பயணம்தான் பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

மும்பையில் சுனாபட்டியிலோ தாராவியிலோ இருக்கும் நம் தமிழ்ப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். டாடா மருத்துவமனை இருக்கும் பரேல் சில கிலோமீட்டர்தான். ஆனால் விடியும் முன் இட்லி அவித்து அனுப்பி, தண்ணீர் பிடித்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டவளுக்கு ஒரு பகல் முழுக்க ஓ.பி. வரிசை என்றால் ஒருநாள் கூலி போச்சு. வெள்ளைப்படுதலை "உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறவளிடம், அது சூடுதானா என்று தமிழில், ஒரு பெண், கதவைச் சாத்திக்கொண்டு பேசத்தான் வேண்டும். மராத்தி நோட்டீஸைத் தமிழாக்கிக் கையில் திணிப்பது அந்தப் பேச்சுக்கு ஈடாகாது. பேசி முடித்ததும் "சரி, எங்கே வரணும்க்கா?" என்று அவள் கேட்டால், பதில் அந்தச் சந்து முனையிலேயே இருக்க வேண்டும்.

பரிசோதனை எட்டியவர்களே மிகக் குறைவு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க 2% கூட இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 10%.

என் முடிவு இது: பண்பாடறிந்த விளக்கம் கட்டாயம் வேண்டும், ஆனால் பரிசோதனையும் அன்றே சிகிச்சையும் கூட வராத விளக்கத்துக்குப் பணம் ஒதுக்கக் கூடாது. மும்பைத் தமிழ்ச் சங்கங்களே, அடுத்த முகாமுக்கு மாநகராட்சியையோ மருத்துவமனையையோ அழைக்கும்போது, பேச்சாளர் யார் என்று கேட்பதற்கு முன், வெண்திட்டு தெரிந்தவளுக்கு அன்றே என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.