அம்மா யோசிப்பா, அம்மா தேடும்

'திங்க்' என்ற ஆங்கில வினைக்குப் பக்கத்தில் 'நினை' என்று ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதிக்கொள்வது மதுரைப் பள்ளிக்கூடத்திலும் உண்டு, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. வகுப்பைத் தாண்டினால் அந்தப் பொருள் போதாது. ஆங்கிலம் ஒரே வினையை வைத்துக்கொண்டு, கூட வரும் 'ஆஃப்', 'அபௌட்', 'ஓவர்', 'தட்' போன்ற சிறு சொற்களால் பொருளைப் பிரித்துவிடுகிறது. தமிழ் வினையையே மாற்றுகிறது. ஊகத்துக்கு நினைப்பதும் தோன்றுவதும், முடிவெடுக்க யோசிப்பது, மேடையில் சிந்திப்பது, அலுவலகக் கோப்பில் கருதுவது. இந்தப் பங்கீடு வைகைக் கரையில் ஒரு விதமாகவும் யாழ் குடாநாட்டில் வேறு விதமாகவும் அமைந்திருக்கிறது. இலங்கைத் தமிழ் என்பது ஒரே பேச்சு இல்லை. மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் தனி வழக்குகள் உண்டு. ஆகவே இங்கே ஒப்பிடுவது மதுரைப் பேச்சையும் யாழ்ப்பாணப் பேச்சையும் மட்டும், அதிலும் குறிப்பாக 'யோசி' என்ற வினையை.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் நிலம் பேசினாலும் சரி, சம்பந்தம் பேசினாலும் சரி, 'யோசிச்சுச் சொல்றோம்' என்ற பதில் வந்தால் கேட்டவர் பெரும்பாலும் எழுந்து கிளம்பிவிடுவார். மறுப்பை முகத்தில் அடிக்காமல் சொல்லும் வழி அது. 'ஒரு நல்ல யோசனை சொல்லுங்க' என்றால் வழி கேட்கிறார்கள். 'யோசிக்காம வாங்கிப்புட்டான்' என்றால் கணக்குப் பார்க்காமல் காசைப் போட்டுவிட்டான். எல்லாவற்றிலும் ஒரு தீர்மானம் முன்னே நிற்கிறது. இதே காதோடு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் பேசுவதைக் கேட்டால் சற்றுத் தடுக்கும். 'நேரத்துக்கு வீட்டை போகாட்டி அம்மா யோசிப்பா' என்பார் அவர். அம்மா எதைப் பற்றி யோசிப்பார், என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று மதுரைக்காரர் விழிப்பார். அங்கே அதற்குப் பொருள், அம்மா கவலைப்படுவார் என்பதுதான். 'ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ' என்பது ஆறுதல் மொழி. மதுரையில் அந்த இடத்தில் 'கவலப்படாதீங்க' வரும், கொஞ்சம் பழைய ஆட்கள் என்றால் 'வெசனப்படாதீங்க'. வீட்டுக்குத் தாமதமாகும் பிள்ளையோ 'அம்மா தேடும்' என்று சொல்லிவிட்டு ஓடும். தேடுவது யாழ்ப்பாணத்திலும் உண்டு. யோசிப்பது மதுரையில் இந்தப் பொருளில் இல்லை.

ஏன் இப்படி? 'யோசி'யை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. பக்கத்தில் இருக்கும் 'கவலை'யைப் பார்க்க வேண்டும். மதுரையில் கவலை பெரும்பாலும் வரப்போவதைப் பற்றியது: மழை வருமா, கடன் அடையுமா, பெண்ணுக்கு வரன் அமையுமா. யாழ்ப்பாணத்தில் அது நடந்து முடிந்ததன் மீதான துயரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. சாவுச் செய்தி கேட்டாலும், பரீட்சையில் பிள்ளை தவறினாலும் 'கவலையாக் கிடக்கு' என்பார்கள். மதுரையில் அது வருத்தம். கவலை துயரத்தின் பக்கம் நகர்ந்துவிட்டால், நாளையைப் பற்றிய அச்சத்தைச் சொல்ல ஒரு வினை வேண்டியிருக்கிறது. அந்த இடத்தைத்தான் யோசிப்பது நிரப்பியிருக்கிறது என்பது என் முடிவு. மதுரையில் கவலை தன் இடத்திலேயே இருப்பதால் யோசிப்பதற்கு அந்த வேலை வந்து சேரவில்லை.

இதை மறுத்து ஒருவர் சொல்லலாம்: மதுரையிலும் தூக்கமில்லாமல் தவிப்பவரிடம் 'ரொம்ப யோசிக்காதீங்க' என்கிறார்களே, யாழ்ப்பாணத்திலும் 'யோசிச்சுச் சொல்லுறன்' என்று முடிவைத் தள்ளிப்போடுகிறார்களே, பிறகு வேறுபாடு எங்கே? இரண்டும் உண்மைதான். ஆனால் மதுரை வாக்கியத்தில் 'ரொம்ப' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். 'யோசிக்காதீங்க' மட்டும் நின்றால் தயங்காமல் செய்துவிடுங்கள் என்ற தூண்டுதலாகிவிடும். துணிக்கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்வது அதைத்தான். யாழ்ப்பாணத்தில் அந்த ஒற்றைச் சொல்லே ஆறுதலுக்குப் போதும். துணைச்சொல் ஏதும் இல்லாதபோது காது எந்தப் பொருளை முதலில் எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. இன்னொருவர், இலங்கையில் சொல் தடம் மாறிவிட்டது, மதுரை வழக்கே சரி என்று வாதிடலாம். சங்கம் வளர்த்த ஊர் என்ற பெருமையில் எழும் வாதம் இது. ஆனால் எண்ணத்துக்கான சொல் கவலைக்கும் ஆகிவருவது ஆங்கிலத்துக்கும் பழக்கம்தான். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், கவலைப்படுவதைக் குறிக்க எண்ணத்துக்கான 'தாட்' என்ற சொல்லே வருகிறது. பின்னாளைய மொழிபெயர்ப்புகள் அதை மாற்ற வேண்டியதாயிற்று.

எல்லாவற்றிலும் இரு ஊரும் பிரிந்துதான் நிற்கின்றன என்றும் இல்லை. அவர் வரமாட்டார் என்ற ஊகத்தைச் சொல்லும்போது ஆங்கிலம் எதிர்மறையைத் தூக்கி 'திங்க்' மீது வைக்கும். அதை அப்படியே 'வருவாருன்னு நெனைக்கல' என்று மதுரையில் சொன்னால், அவர் வந்தேவிட்டார், நான்தான் எதிர்பார்க்கவில்லை என்று ஆகிவிடும். யாழ்ப்பாணத்து 'வருவார் எண்டு நினைக்கேல்லை'யும் அந்தப் பக்கமே சாய்கிறது. இந்த இடத்தில் இரண்டு ஊர் மாணவர்களும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் இரண்டு ஊரிலும் 'நினை' ஒரே மாதிரி நடக்கிறது.

ஏட்டுத் தமிழில் இரு ஊருக்கும் உறவு நெருக்கமானது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். யாழ்ப்பாணம் கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த அகராதியை, அவர் மறைந்த பிறகு, அந்தச் சங்கமே 1910 தொடங்கி மூன்று பாகங்களாக வெளியிட்டது. ஆனால் அந்தக் காலத்து அகராதிக்காரர்கள் பெரும்பாலும் நூல்களிலிருந்து சொல் திரட்டினார்கள். அம்மா யோசிப்பது நூலில் ஏறாத பேச்சு. இலங்கை வழக்கைத் தனியே குறித்துக் காட்டும் அகராதிகளில் ஒன்று க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, அதன் முதல் பதிப்பு 1992இல். அதற்குள் இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்தவர்கள் மதுரையை ஒட்டிய ஆனையூர், உச்சப்பட்டி அகதி முகாம்களில் குடியேறியிருந்தார்கள். முகாமிலிருந்து வரும் ஒருவர் மருத்துவரிடம் 'ஒரே யோசனையாக் கிடக்கு' என்றால், மருத்துவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி அவருடைய தூக்கத்தைப் பற்றியது. என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள் என்பதல்ல.