ஓசோன் மோஜோ 6: தரையில் தெரியும் தரம்

பாராகிளைடர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வானத்தைப் பற்றித்தான். எவ்வளவு தூரம் சறுக்கும், தெர்மல் எனும் மேலெழும் வெப்பக்காற்றில் எப்படி வட்டமிடும், வேகம் என்ன என்பார்கள். புதிதாகப் பறக்க வருகிறவருக்கு அதெல்லாம் அப்புறம். புல்லில் விரித்த துணி தலைக்கு மேல் ஏறி நிற்கிற அந்த நான்கைந்து விநாடியில் இறக்கை எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் அவர் முதலில் பார்க்க வேண்டும். பிரான்ஸின் ஓசோன் நிறுவனம் ஆரம்பநிலை பைலட்டுகளுக்காகச் செய்யும் மோஜோ 6-ஐ இந்தக் கேள்வியோடுதான் இமாச்சலப் பிரதேசத்தின் பில்லிங்கில் விரித்தேன்.

பீர் கிராமத்துக்கு மேலே, சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள புல்சரிவு பில்லிங். 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத் தடை இருக்கும். அக்டோபர் வந்துவிட்டால் சரிவு முழுக்க இறக்கைகள்தான். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே இறக்கை அதே ஆளைத் தூக்க சுமார் 12 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். எதிர்காற்று தராத மிச்சத்தை நம் கால்கள்தான் தர வேண்டும். சோம்பலாக ஏறும் இறக்கையின் குணம் இங்கே உடனே வெளிப்பட்டுவிடும்.

ஐரோப்பியத் தரச்சான்றில் மோஜோ 6 ‘ஏ’ வகுப்பு. ஏ முதல் டி வரையுள்ள நான்கு வகுப்புகளில் மிகச் சாதுவானது. அந்தச் சான்றுக்காகச் சோதனை பைலட்டுகள் நடுவானில் இறக்கையை வேண்டுமென்றே மடக்கிக் குலைத்து, தானாக மீள்கிறதா என்று பார்ப்பார்கள். அது பலருக்கும் தெரியும். அதே சோதனைப் பட்டியலில் மேலெழும்பும் விதத்துக்கும் தனி மதிப்பீடு உண்டு என்பதைத்தான் கவனிப்பதில்லை. பைலட் திருத்த வேண்டிய அவசியமில்லாமல் சீராக ஏறினால்தான் அதில் ‘ஏ’ கிடைக்கும்.

ஆனால் சீராக ஏற, சீராக விரித்திருக்க வேண்டும். மேல்புறம் தரையில் படும்படி இறக்கையைக் கவிழ்த்துப் போடுகிறோம். காற்று புகும் வாய்கள் உள்ள முன்விளிம்பு நமக்கு எட்டத்தில் இருக்கும். பின்விளிம்பு நம் பக்கம். நடுப்பகுதியைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு நுனிகளையும் முன்னுக்கு இழுத்து லாட வடிவில் வைத்தால், நடுக்கயிறுகள் முதலில் விறைத்து நடுப்பகுதி முதலில் காற்றை வாங்கும். பிறகு கயிறுகள் வந்து சேரும் பட்டிகளான ரைசர்களைத் தூக்கிப் பிடித்து, வரிசை வரிசையாகக் கயிறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பில்லிங் புல்லில் காய்ந்த தண்டுகள் ஏராளம். நுனிப்பக்கத்துப் பிரேக் கயிற்றில் விரல் நீளத் தண்டு ஒன்று சிக்கினாலும் கயிறுகள் முடிச்சு விழுந்து, மேலே போனதும் இறக்கை ஒரு பக்கமாகவே திரும்பும். குனிந்து, கையால் தடவித்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

எந்த இறக்கையும் நமக்காகச் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு: ஹார்னஸ் எனும் இருக்கையின் தொடைப்பட்டிகளைக் கட்டுவது. கட்டாமல் ஓடினால் ஹார்னஸ் மேலே போகும், உடல் கீழே நழுவும். அக்குளில் தொங்கிக்கொண்டு பிரேக்கைச் சரியாகக் கையாளவும் முடியாது, இருக்கையில் ஏறி உட்காரவும் முடியாது. அனுபவசாலிகளே இப்படி உயிரை விட்டிருக்கிறார்கள். மார்புப் பட்டியையும் தொடைப்பட்டியையும் ஒன்றாகப் பிணைத்த ஹார்னஸ்கள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. மோஜோவோடு அப்படி ஒன்றையே வாங்குங்கள். இந்த விஷயத்தில் நான் சமரசத்துக்குத் தயாரில்லை. தொடை, மார்பு, ஹெல்மெட், காரபைனர் பூட்டு, ரிசர்வ் பாராசூட்டின் பூட்டு ஊசி என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து வரும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் மறுபடி தொடைப்பட்டியில் ஆரம்பிக்க வேண்டும்.

காலை வெயில் சரிவைச் சூடாக்கியதும் காற்று கீழிருந்து மேலே வரத் தொடங்கும். விண்ட்சாக்கைச் சில நிமிடம் பார்த்தால் அது அலை அலையாக வருவது புரியும். மணிக்கு 10 கிலோமீட்டருக்கும் குறைவான இதமான காற்றில் முன்னோக்கி ஓடும் முறையில் கிளம்பினேன். முன்வரிசை ரைசர்களை விரல்களில் தாங்கி நாலு எட்டு வைத்ததும் மோஜோ திக்காமல், கோணாமல் ஏறியது. தலைக்கு மேல் வந்து நின்றது. என்னை முந்திக்கொண்டு முன்னே பாயவில்லை. லேசான பிரேக் போதுமாக இருந்தது. இதுதான் இந்த இறக்கையின் பெரிய பலம்: அண்ணாந்து பார்த்து, கயிறெல்லாம் சரியா, துணி முழுதாக விரிந்ததா என்று முடிவெடுக்க அவகாசம் தருகிறது. சரியில்லை என்று பட்டால் பிரேக்கை முழுசாக இழுத்து நின்றுவிடலாம். சரியென்றால் மார்பை முன்னே சாய்த்து, கால் தரையை விட்ட பிறகும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குதிப்பதும், சீக்கிரமே உட்கார்ந்துவிடுவதும் ஆளை மறுபடி தரையில் கொண்டுவந்து போடும்.

காற்று 15 கிலோமீட்டரை நெருங்கியபோது, இறக்கையைப் பார்த்துத் திரும்பி நின்று தூக்கும் முறையையும் முயன்றேன். அதிலும் இறக்கை அடக்கமாகவே வந்தது. ஆனாலும் பலத்த காற்றில் எந்த ‘ஏ’ வகுப்பு இறக்கையும் ஆளை இழுத்துக்கொண்டு போகும். சரிவுக்கு வரும் முன் சமதரையில் மணிக்கணக்காகப் பழகியிருக்க வேண்டும்.

வானில் இது நிதானமான துணை. எதிர்காற்றில் முன்னேறும் வேகம் குறைவு என்பது இந்த வகுப்புக்கே உள்ள எல்லை. நீண்ட தூரப் பயணம்தான் லட்சியம் என்றால் பிறகு ‘பி’ வகுப்புக்குப் போகலாம்.

பழைய மோஜோ ஒன்று கைக்கு வருகிறதென்றால் கயிறுகளின் அளவைக் கேளுங்கள். அதிகச் சுமை ஏறாத பின்வரிசைக் கயிறுகள் நாளடைவில் சுருங்கும். அப்போது இறக்கை தலைக்கு மேல் வராமல் பின்னாலேயே தொங்கும். 100 மணிநேரம் அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை என்பது பொதுவான நடைமுறை. அந்தப் பரிசோதனைக்கான சீட்டு இல்லையென்றால், பணம் கொடுக்கும் முன் இளங்காற்றில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். பின்னால் தொங்கினால், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.