சிவப்புச் சாயத்துக்கு முன்: மலாக்கா கிறைஸ்ட் சர்ச்சை வாசிப்போம்



மலாக்காவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், "டச்சுக்காரர்கள் கட்டிய சிவப்புத் தேவாலயம்" என்ற வரி எப்படியும் வந்துவிடும். மாதிரிக் கட்டுரைகளிலும் அதே வரிதான். அதில் பாதிதான் சரி. கட்டியவர்கள் டச்சுக்காரர்கள்; சிவப்பு அவர்களுடையது இல்லை. வெள்ளையாக இருந்த சுவர், பக்கத்து ஸ்டாடைஸ் கட்டடத்தோடு சேர்ந்து 1911இல்தான் சிவப்பானது. அப்போது இங்கே ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள்.

முகப்பை நிதானமாகப் பாருங்க. 1753 என்ற ஆண்டும் கிறைஸ்ட் சர்ச் என்ற பெயரும் ஒரே சுவரில் இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே காலத்தவை அல்ல. 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள், அதன் நூற்றாண்டு நினைவாக 1741இல் வேலையைத் தொடங்கி 1753இல் முடித்தார்கள். 1824 ஒப்பந்தத்தில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1838இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் ஆங்கிலிக்கன் முறைப்படி இதை அர்ப்பணம் செய்தபோது வந்ததுதான் இந்தப் பெயர். வாசல் முன்மண்டபமும் 19ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. ஆக, நாம் படம் எடுத்துக்கொள்ளும் அந்த முகப்பில் மூன்று நூற்றாண்டுகள் கலந்து கிடக்கின்றன.

இதைப் பரோக் என்று சொல்லலாமா? 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பரவிய பாணி அது: வளைவு, சுருள், கொஞ்சம் அரசாங்கப் பகட்டு. இங்கே அது, உச்சியில் மணியைத் தாங்கி வளைந்து ஏறும் முகப்புச் சுவரோடு நின்றுவிடுகிறது. உள்ளே போனால் 82 அடி நீளம், 42 அடி அகலத்தில் ஒரு நீள்சதுரக் கூடம், அவ்வளவுதான். டச்சுச் சீர்திருத்தச் சபையினருக்குப் பிரசங்கம்தான் முக்கியம்; எல்லார் காதிலும் விழ வேண்டும், நடுவில் தூண் மறைக்கக் கூடாது. 40 அடி உயரத்தில் குறுக்கே போகும் உத்தரங்களைப் பாருங்க. ஒவ்வொன்றும் ஒட்டுப் போடாத ஒரே மரம். என்னைக் கேட்டால், இந்தக் கட்டடத்தின் அழகு அந்த உத்தரங்களில்தான் இருக்கிறது. வருகிறவர்களில் பலர் வெளியே, பெக்காவோடு நின்றுவிடுகிறார்கள். பாவம்.

தமிழ் மாணவர்கள் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு தேவாலயம் தமிழ்நாட்டில், கடலோரத் தரங்கம்பாடியில் இருக்கிறது. புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்கு 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம் அது. அடுத்த ஆண்டே அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் மகுடமும் பெயர் முத்திரையும் இருக்கும். கட்டடத்தின் அமைப்போ சிலுவை வடிவம். மலாக்காக் கூடத்தைவிட வடிவத்தில் இதுவே நுட்பமானது என்பேன்.

ஆனால் வடிவத்தோடு நிறுத்திவிட்டால் திறனாய்வு ஆகாது. உள்ளே யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்றும் கேட்கணும். அந்தக் காலத் தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் இருந்தது. 1833இல், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று தென்னிந்தியாவுக்குக் கடிதம் அனுப்பியவர் யார் தெரியுமா? ஐந்து வருடம் கழித்து மலாக்காவில் அர்ப்பணம் செய்த அதே டேனியல் வில்சன்தான். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், பழைய வழக்கத்துக்காக வாதாடி எழுதியவர். இலக்கிய வகுப்பில் அவர் பாட்டைப் பாராட்டும்போது இதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆகணும். பாட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிட முடியாது.

செங்கிலிருந்து பட்டணம் ஒன்றும் தூரமில்லை. மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்கள், முகப்பைத் தாண்டி அவர்களை உள்ளே கூட்டிப் போங்க. அங்குள்ள கல்லறைக் கற்களில் டச்சு எழுத்து எது, அர்மீனிய எழுத்து எது என்று தேடச் சொல்லுங்க. பிறகு "சிவப்பு" என்ற சொல்லே வராமல் ஒரு பத்தி வருணனை எழுத வைக்கலாம். உள்ளே படம் எடுக்கலாமா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்க. தாளும் பென்சிலும் எப்படியும் வேண்டும்.