பெயரைக் காக்கும் சட்டம்

கவிதை பிடிக்காவிடில் நூலை மூடிவிடலாம். வீடு பழுதாயின் அதில் குடியிருப்பவர் எங்கே செல்வார்? கட்டடக்கலை, மக்கள் தப்பிச் செல்ல இயலாத கலை. ஆதலின், அத்தொழிலை அரசு நெறிப்படுத்த வேண்டுமா என்ற வினாவுக்கு, வேண்டும் என்றே நாம் விடை கூறுவோம். எதை, யார் பொருட்டு நெறிப்படுத்துவது என்பதிலேயே நமக்குக் கருத்து வேற்றுமை உண்டு.

இலங்கையில் 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் கட்டடக் கலைஞர் நிறுவனத்துக்குச் சட்டத் தகுதி அளித்தது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் பதிவுச் சபையொன்றை அமைத்தது. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு பெறாதவர் இப்பெயரைச் சூடிக்கொள்வதைத் தடுக்கின்றது. அது பட்டத்தைக் காப்பதேயன்றிக் கட்டட வரைவுத் தொழில் முழுவதையும் பதிவு பெற்றோருக்கே உரியதாக்கவில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. போலிகளைத் தடுக்கும் இவ்வேற்பாடுகள் தேவையானவையே. எனினும், பெயரைக் காத்ததும் அரசின் கடமை முடிந்துவிடுமா?

மலையகத்தை நோக்குவோம். மஸ்கெலியாவை அடுத்த அப்கொட்டில், ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்தின் பங்களாவை 1959இல் வடிவமைத்தவர் ஜெப்ரி பாவா. நாட்டின் தலைசிறந்த கலைஞரின் கைவண்ணம் துரையின் வாசல்வரை வந்தது. தொழிலாளரின் லயத்துக்கோ எந்தக் கலைஞரும் உரிமை கோரியதில்லை.

லயம் திட்டமின்றி எழுந்த கட்டடம் என்று எண்ணிவிடலாகாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. முதுகோடு முதுகாக இரு வரிசை. பின்சுவரில் சன்னலுக்கு இடமில்லை. குறைந்த செலவில் நிறைந்த ஆட்களை அடைத்து, விடியலில் ஒரே குரலில் எழுப்பிப் பெரட்டுக்கு நிறுத்துவதற்கு இதனினும் பொருத்தமான வடிவம் ஏது? யாருக்காக வரையப்பட்டதோ அவருக்கு அது செவ்வனே பணிபுரிந்தது. அங்கே வாழ்ந்தவர்களை வரைந்தவர் கருதவேயில்லை.

சட்டமும் நெடுங்காலம் கருதவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. இதனிடையே, 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கே குடியிருப்பு அமையலாம் என்று ஒப்பமிட்டவர் யார்? இவ்வினாவுக்கு ஒரு பெயரையேனும் விடையாகத் தராத நெறிமுறையை எங்ஙனம் நெறிமுறை என்பது?

பதிவு பெற்றவரே எல்லா வீடுகளையும் வரைய வேண்டும் என்று விதித்தால் என்ன என்பார் சிலர். அதனை நாம் ஏற்க இயலாது. ஏழு பேர்ச் காணியில் மேசனைத் துணைக்கொண்டு தன் வீட்டைத் தானே எழுப்பும் தொழிலாளிக்கு அவ்விதி மற்றுமொரு கடன் சுமையாகும். தொழிற்குழு ஒன்றின் வருவாய்க்கு வேலி கட்டியதாகவே முடியும்.

அரசு விதிக்க வேண்டியது வேறு. பொதுப்பணத்தில் எழும் தொகுதி வீடுகளுக்கும், தோட்ட நிருவாகம் கட்டும் ஒவ்வொரு குடியிருப்புக்கும், நிலத்தைத் தேர்ந்தவரும் வடிவத்தை வரைந்தவரும் தம் பெயரிட்டுப் பொறுப்பேற்றல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டைக் குடியேறுவோர் தம் மொழியில் படித்தறிய வழி வேண்டும். வரைபடம் முடிவாகுமுன் அடுப்பங்கரை எங்கே, கொழுந்தெடுத்து நனைந்து வரும் பெண் கம்பளியை உலர்த்துவது எங்கே என்று அவர்களையே கேட்டல் வேண்டும். சிறு வீடு கட்டுவோருக்கு அரசுச் சம்பளத்தில் ஆலோசனை கூறுவோர் மாவட்டந்தோறும் வேண்டும்.

இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் தொடங்கின. மேலும் 10,000 வீடுகள் 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. எண்ணிக்கையை வரவேற்போம். ஆயினும் தனித்தனியே நிற்பதனால் மட்டும் லயம் வீடாகிவிடாது. அதன் குறைக்குப் பொறுப்பானவரைப் பெயர் சொல்லி அழைத்து விளக்கம் கேட்கும் உரிமை, குடியிருப்பவருக்குக் கிட்டும் நாளிலேயே அது வீடாகும்.