அரக்கனுக்குக் கருமை தீட்டியது யார்?

சமயக் கதைகளைச் சிறுவர்க்கான அசைவூட்டக் குறும்படங்களாக ஆக்கித் தருவோர் இன்று பெருகிவிட்டனர். ஐந்து நிமிடத்தில் ஓர் அவதாரம், பத்து நிமிடத்தில் ஒரு வதம் என்று கைப்பேசித் திரைவழியே அவை வீடுதோறும் நுழைகின்றன. அவற்றை ஆக்குவோரை அணுகி, "தேவரெல்லாம் வெளுத்துச் சிவந்து விளங்க, அரக்கன் மட்டும் கன்னங்கரியனாய்க் கோரைப்பல்லோடு நிற்பது ஏன்?" என்று கேட்டால், ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கின்றனர். "நாங்கள் என் செய்வோம்? ஏட்டில் இருப்பதைத்தானே காட்டினோம்!"

இவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை.

நடிகரை நிறுத்திப் படமெடுப்பவன் இப்படிச் சொன்னால் ஓரளவேனும் செவி சாய்க்கலாம். அவனுடைய கருவிமுன் அழையாத காகம் பறந்துவிடும்; அடியாத காற்று அடித்துவிடும்; நடிகன் முகத்தில் எண்ணாத சலிப்பு ஒன்று தோன்றி மறையும். அசைவூட்டப் படத்தில் அழையாத காகம் ஒன்றுகூட வாராது. நொடிக்கு 24 சட்டங்கள். ஏழு நிமிடப் படத்திற்கு 10,080 சட்டங்கள். ஓர் ஓவியத்தை இரு சட்டங்களுக்கு நிறுத்தி வேலையைச் சுருக்கினாலும் 5,040 ஓவியங்கள். ஒவ்வொன்றிலும் புருவம் எவ்வளவு நெரிய வேண்டும், பல் எவ்வளவு நீள வேண்டும், தோலுக்கு எந்த வண்ணம் என்று ஒருவர் முடிவு செய்துதான் ஆக வேண்டும். ஐயாயிரம் முறை முடிவு செய்தவர், "நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை" என்று கைவிரிப்பதா?

ஏடு ஏடு என்கின்றனரே, அந்த ஏடுதான் என்ன சொல்கிறது? இராமன் கரியவன் என்று வால்மீகியும் சொல்கிறார், கம்பரும் சொல்கிறார். இராவணனும் மைக்குவியல் போன்ற மேனியன் என்பதே வால்மீகி கூற்று. ஏட்டின்படி இருவருமே கரியர்! திரையிலோ ஒருவனுக்கு இளநீலம், மற்றவனுக்குத் தார்க்கருப்பு. அதுமட்டுமா? அவைக்களத்தில் இராவணனைக் கண்ட அனுமன், பகைவன் என்பதையும் மறந்து அவன் பொலிவையும் துணிவையும் வியந்து நின்றதாக அதே வால்மீகி பாடியிருக்கிறார். தூதாக வந்த குரங்குக்கு இருந்த பெருந்தன்மை, இன்று தூரிகை பிடிப்போர்க்கு இல்லை. இராவணனைத் தலைவனாக்கிப் புலவர் குழந்தை 1946இல் பாடிய இராவண காவியம் 1948இல் தடை செய்யப்பட்டு, 1971 வரை தடையிலேயே கிடந்த நாடு இது. அரக்கனுக்கு எவ்வண்ணம் தீட்டுவது என்பது இங்கு ஓவியக்கூடத்துச் சிறு வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. கருத்த மேனியோடு பிறந்த நம் வீட்டுக் குழந்தை அத்திரையின் முன் அமர்ந்து, தன் நிறத்தைத் தேவர் கூட்டத்தில் தேடுகிறது. எங்கே காண்கிறது? வெட்டுண்டு விழுகிறானே, அவன் மேனியில்!

ஒரு சமயத்தாரை மட்டும் நாம் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டா. வால்ட் டிஸ்னி நிறுவனம் 1933இல் நோவாவின் பேழையைக் குறும்படமாக்கியது. விலங்குகள் யாவும் கூடி மரம் அறுத்துப் பேழை கட்டும் காட்சி நயமானது, நாமும் நகைத்தோம். ஆனால் அக்கதை, உலகத்து உயிரெல்லாம் நீரில் மூழ்கடிக்கப்பட்ட கதை. பேழைக்கு வெளியே நின்றோர் முகத்தை அங்கே காணோம். இராவணனுக்குத் தீட்டியது தவறென்றால், இவர்களைத் தீட்டாமல் விட்டது அதனினும் எளிய வழி. முகமே இல்லாதவர்க்காகக் குழந்தை எப்படி அழும்?

இனி, நாம் போற்றும் படம் ஒன்று உண்டு. இந்திய அரசின் திரைப்படப் பிரிவில் அசைவூட்டக் கலையைக் கற்பிக்க 1956இல் அமெரிக்காவிலிருந்து கிளேர் வீக்ஸ் என்பவர் அழைக்கப்பட்டார். டிஸ்னி நிறுவனத்தில் 'பாம்பி' போன்ற படங்களில் உழைத்தவர். அவரிடம் பயின்ற இந்திய ஓவியர்களைக் கொண்டு உருவான முதற்படமே 1957இன் 'பானியன் டீர்', அதாவது 'ஆலமர மான்'. மான்குட்டிக் கதையில் கை பழகிய ஆசிரியருக்கு இங்கும் மானே வாய்த்தது போலும்! கதை புத்த சாதகக் கதைகளில் ஒன்று.

காசி மன்னனுக்கு நாள்தோறும் மான்கறி வேண்டும். வேட்டையில் பல மான்கள் வீணே குற்றுயிராய் மடிவதைத் தடுக்க, சீட்டுப் போட்டு நாளுக்கு ஒருமான் தானே சென்று வெட்டுக்கட்டையில் தலை வைப்பது என இரு மந்தைகளும் உடன்படுகின்றன. ஒருநாள் சூலுற்ற பெண்மானுக்கு முறை வருகிறது. "ஈன்றபின் வருகிறேன்" என்று அது தன் மந்தைத் தலைவனிடம் கெஞ்சுகிறது. முறை முறைதான் என்று அத்தலைவன் மறுக்கிறான். மற்ற மந்தைத் தலைவனான ஆலமர மானோ, "நீ போ" என்று அதை அனுப்பிவிட்டுத் தானே சென்று கட்டையில் தலை வைக்கிறது. மன்னன் நாணுகிறான். அம்மானுக்கு உயிர் தருகிறான். "எனக்கு மட்டுமா? மற்ற மான்களுக்கு?" என்கிறது அது. அவற்றுக்கும் தருகிறான். "மற்ற விலங்குகளுக்கு? பறவைகளுக்கு? மீன்களுக்கு?" கேட்டுக் கேட்டே ஓர் அரசின் சட்டத்தை மாற்றிவிடுகிறது!

இதுவும் சமயக் கதையே. அந்த மான் புத்தரின் முற்பிறப்பு என்றுதான் பௌத்தர் நம்புவர். முற்பிறப்பை நாம் நம்பவில்லை. ஆயினும் கதையின் பெருமைக்கு அதனால் இழுக்கு நேரவில்லை. வானிலிருந்து சக்கரம் வந்து மன்னன் தலையைக் கொய்யவில்லை, வரம் இல்லை, சாபம் இல்லை, பகைவனுக்கும் மனம் உண்டு, அது நாணும் என்னும் நம்பிக்கை ஒன்றே உண்டு. புதிதாகத் தொழில் கற்ற கைகளுக்கு முதலில் தீட்ட வாய்த்தது இக்கதை என்பதில் நமக்கு மகிழ்ச்சி. அவ்வழி பின்னர் தூர்ந்தது எங்ஙனம் என்பது தனியே எழுத வேண்டிய வரலாறு.

2015இல் பிக்சார் நிறுவனம் வெளியிட்ட 'சஞ்சய்ஸ் சூப்பர் டீம்' ஏழு நிமிடப் படம். ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றது. தொலைக்காட்சி வீரர்களில் மயங்கிக் கிடக்கும் சிறுவன் ஒருபுறம். மணியடித்துப் பூசை செய்யும் தந்தை மறுபுறம். பூசையில் அமர்த்தப்பட்ட சிறுவன் கனவுபோன்ற வெளியில் திருமாலையும் துர்க்கையையும் அனுமனையும் ஒளிவடிவில் காண்கிறான். இயக்குநர் சஞ்சய் பட்டேலின் சொந்த இளமையே கதை; அயல்நாட்டில் தன் தந்தையின் வழக்கத்துக்கு நாணி வளர்ந்த மகன், பின்னாளில் தந்தைக்கு எழுதிய மடல் என அதைக் கொள்ளலாம். ஒளியமைப்பு கண்ணைப் பறிக்கிறது. பல தலை அரக்கனை அங்கே கொல்லவில்லை. மணியோசையால் அவன் சீற்றம் தணிகிறது. இதைப் பாராட்டுகிறோம். ஆனால் அத்தேவர் யார், அரக்கனோடு அவர்க்கென்ன வழக்கு? படம் சொல்லவில்லை. பேச்சுக்கு ஏறத்தாழ இடமே இல்லாத அப்படத்தில் சிறுவன் தந்தையிடம் ஒரு வினாவும் எழுப்புவதில்லை. பழைய வீரர் போய்ப் புதிய வீரர் வந்தனர், அவ்வளவே.

வினா எழுந்தால் கதை கெட்டுவிடுமோ? கெடாது என்பதற்கு நினா பேலி 2008இல் தந்த 'சீதா சிங்ஸ் தி புளூஸ்' சான்று. 82 நிமிடப் படமாதலின் குறும்பட வரிசையில் சேராது. எனினும் தனியொருத்தி பெரும்பாலும் தன் கணினியிலேயே உருவாக்கியது என்பதால் இங்கே சொல்கிறோம். அதில் மூன்று நிழற்பாவைகள் கதை சொல்ல வந்து, பெயரிலும் நிகழ்ச்சியிலும் தமக்குள் முரண்பட்டு, சீதைக்கு நேர்ந்தது முறையா எனப் பேசிக்கொள்கின்றன. சிலர் சினந்தனர். சினந்தோர் நம் தோற்பாவைக்கூத்தைக் கண்டிருப்பின் என் செய்வரோ! அங்கே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இராமாயணத்தின் நடுவே புகுந்து, பெரியோர் செயலையெல்லாம் ஊர்ப்பேச்சில் கேலிக்கு இழுப்பர். பத்தியோடு வந்த கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்கும். நம் நாட்டில் இராமாயணத்தை அசையும் படமாக முதலில் காட்டிய கலை அதுவே எனலாம். பாவையை ஆட்டியவன் ஐயத்துக்கும் ஓர் இடம் வைத்திருந்தான். கணினியில் ஆட்டுகிறவர் கோவிலையும் தேரையும் எடுத்துக்கொண்டார். உளுவத்தலையனை மட்டும் ஏனோ ஊரிலேயே விட்டுவிட்டார்.

இப்போது புதிதாக ஓர் இடர் வந்திருக்கிறது. "அரக்கன் வருகிறான்" என்று எழுதினால் போதும். செயற்கை நுண்ணறிவுக் கருவி நொடியில் ஓவியம் தருகிறது. முன்பு பலர் தீட்டியவற்றிலிருந்து கற்ற பொறி அது. அவர்கள் மிகுதியாகத் தீட்டிய முகத்தையே எளிதில் திருப்பித் தரும். ஐயாயிரம் முறை முடிவு செய்தவரிடம் "ஏன்?" என்று கேட்க முடிந்தது, அவர் நாணவும் கூடும், திருத்தவும் கூடும். இனிப் படம் ஆக்குவோர் "ஏடு சொல்லிற்று" என்பதற்கு மாறாகப் "பொறி தீட்டிற்று" என்பர். அப்போதும் நம் வினா அவர்களை நோக்கியே: பொறி நீட்டிய கருத்த முகத்தைக் கண்டு, "இது வேண்டா, வேறு தீட்டு" என்று சொல்ல உமக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்?